மலைக்காட்டு ஆமைகளும் அவற்றை எண்ணும் கலையும்

எம் கல்லூரியின் விலங்கியல் ஆய்வுகூடத்திற் கண்ணாடி அலுமாரியொன்றினுள் ஓர் ஆமையோடு இருந்தது. நாம் உயர்தர வகுப்பிற் பயின்ற காலத்தில் அதனைப் பன்முறை கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்திருக்கின்றோம். முதுகோட்டின் செதில்களை எண்ணினோம். வயிற்றோட்டைப் படமாக வரைந்தோம். அவற்றின் பெயர்களைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தோம். ஆயின் அவ்வோட்டின் விளிம்பில் நூலாற் கட்டியிருந்த சிறு அட்டையில் ‘ஆமை’ என்னும் ஒரு சொல்லையன்றி வேறொன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் கண்டெடுத்தார் என்பதை எவரும் அறியார். ஆமையைப் பார்த்தால் ஆமையென்று தெரியாதா, அதற்கோர் அட்டை எதற்கு என்று நாம் அன்று நகைத்ததுமுண்டு. அவ்வட்டையிற் குறைந்திருந்தது எத்துணைப் பெரிய செல்வம் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டாமைகளைப் பற்றிய ஆராய்ச்சிகளைப் படித்தபோதே உணர்ந்தோம். அவ்வாராய்ச்சிகளின் வரலாற்றையும் முறையையும் இவ்விழா மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

இலங்கையிற் கடலாமைகள் நீங்கலாக மூன்று ஆமையினங்களே இயற்கையாய் வாழ்கின்றன. குளங்களிலும் கேணிகளிலும் வாழும் பாலாமையை நம்மவர் யாவரும் அறிவர். நீர்நிலைகளின் கரையில் வெயில் காயும் கறுப்பாமை இன்னொன்று. வறண்ட பற்றைக்காடுகளில் உலவும் நட்சத்திர ஆமை மற்றொன்று. மலைநாட்டு மழைக்காட்டையே தனிவீடாகக் கொண்ட ஆமை எமது தீவில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒன்றுசேர்த்து ஒரே உயிர்ச்செறிவுப் பிரதேசமாகவே உயிரியலாளர் கணக்கிடுகின்றனர். இரு நிலத்தின் மரஞ்செடிகளும் தவளைகளும் ஊர்வனவும் பலவாறு உறவுடையன. அவ்வாறிருந்தும் மலைக்காட்டு ஆமைகள் பாக்கு நீரிணைக்கு அப்பாலேயே நின்றுவிட்டன.

ஏறத்தாழ 1600 கிலோமீற்றர் நீளும் அம்மலைத்தொடர் பாலக்காட்டுக் கணவாயில் தாழ்ந்து, பின் தெற்கே ஆனைமலையாய் உயர்கின்றது. 2012 ஆம் ஆண்டில் இத்தொடரின் 39 இடங்கள் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. ஆனைமலையையும் அதனை அடுத்த காடுகளையும் சார்ந்து இரண்டு ஆமைகள் வாழ்கின்றன. இவ்விரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை, உலகில் வேறெங்கும் இல்லாதவை.

முதலாவது திருவிதாங்கூர் ஆமை. 1907 ஆம் ஆண்டிற் புலென்ஜர் என்னும் விலங்கியலறிஞர் இதனை உலகுக்கு விவரித்தார். ஓட்டின் நீளம் ஓரடியளவு; பழுப்பு மஞ்சள் நிறத்திற் கரும் புள்ளிகள் படர்ந்திருக்கும். இனச்சேர்க்கைக் காலத்திற் கண்ணையும் மூக்கையும் சூழ்ந்த தோல் இளஞ்சிவப்பாக மாறும். புல்லும் பூண்டும் விழுந்த கனிகளும் இதன் உணவு; எச்சத்தை ஆராய்ந்தோர் சிறுவுயிர்களின் மிச்சங்களையும் அதிற் கண்டனர். சில காலம் இதனையும் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள வேறோர் ஆமையையும் ஒரே இனமென அறிஞர் எண்ணியிருந்தனர். மரபணு ஆராய்ச்சியின் பயனாக 2001 இல் இவை வெவ்வேறென்பது உறுதியாயிற்று. இஃது ஏட்டுச் சண்டையன்று. இரண்டையும் ஒன்றென்று கொண்டால், ஒன்று அழியினும் மற்றொன்று உளதென்று நெஞ்சாறலாம். வேறென்று கொண்டால் அவ்வாறுதலுக்கு இடமில்லை.

இரண்டாவது சூரலாமை. சூரல் என்பது பிரம்பு. மலையாள நாட்டில் இன்றும் வழங்குஞ் சொல், தமிழுக்கும் பழையது. இவ்வாமை ஐந்து அங்குல நீளத்தைத் தாண்டுவது அரிது; ஒருவர் உள்ளங்கையில் அடங்கிவிடும். முதுகில் மூன்று வரம்புகள் நீளவாட்டில் ஓடும். ஓடு வாடிய இலையின் நிறம். தலையின் முற்பக்கமோ மஞ்சள், மூக்கின் நுனியில் ஒரு செம்பொட்டு. உடலமைப்பை நோக்கின் இது குளத்தாமைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் நீரைவிட்டு நீங்கி, பசுமைமாறாக் காட்டின் சருகுப் படுக்கையிலேயே வாழ்கின்றது. குலத்தால் நீராமை, குடியிருப்பால் நிலத்தாமை எனலாம்.

இச்சூரலாமையின் வரலாறே நாம் சொல்ல வந்ததன் நடுநாயகம். 1912 ஆம் ஆண்டிற் சென்னை அரசாங்க நூதனசாலையின் தலைவராயிருந்த ஜே. ஆர். ஹென்டர்சன் என்பார், கொச்சி அரசின் காட்டிற் காவளை என்னுமிடத்தையடுத்து, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1500 அடி உயரத்திற் கிடைத்த இரண்டு ஆமைகளைக் கொண்டு இப்புதிய இனத்தை விவரித்து எழுதினார். அக்காலத்திற் பறம்பிக்குளத்துத் தேக்குமரத்தைச் சாலக்குடிக்கு இறக்குதற்காகக் கொச்சி அரசு மலைச்சரிவில் ஒரு ட்ராம் பாதை அமைத்திருந்தது. மரத்தை வெட்டப் போட்ட வழியே ஆமையையும் அறிவுலகுக்குக் காட்டியது; வியப்பான முரண்தான். ஹென்டர்சனுக்குப் பின் எழுபது ஆண்டுகள் எந்த விஞ்ஞானியும் இவ்வாமையை உயிரோடு கண்டிலர். ட்ராம் பாதையும் 1963 இற் கைவிடப்பட்டது. நூல்களில் அதன் பெயர் மாத்திரம் எஞ்சியிருந்தது. அழிந்தொழிந்ததோ என்று ஐயுற்றோரும் உண்டு.

ஆனால் அந்த எழுபது ஆண்டுகளிலும் அதனைக் கண்டுகொண்டேயிருந்தவர்கள் இருந்தனர். அம்மலைகளின் தொல்குடிகளான காடர் அதனை நன்கறிவர். அவர்களை எவரும் கேட்கவில்லை. கேட்கத் தகுந்த மொழியிலும் பணிவிலும் கேட்கவில்லை என்பதே பொருந்தும். 1982 இற் சென்னையிலிருந்து ஓர் இளம் பெண் சென்று கேட்டார். அவர் பெயர் ஜே. விஜயா. 1959 இற் பிறந்தவர். றொமுலஸ் விற்றேக்கர் நிறுவிய சென்னைப் பாம்புப் பண்ணையிலே தொண்டராய்ச் சேர்ந்து, ஊர்வனவற்றைக் கற்றுத் தேர்ந்தவர். ஊர்வனவற்றைத் தொழிலாக ஆராய்ந்த முதல் இந்தியப் பெண்மணி என்று அன்னாரைக் கூறுவர். காடரின் துணையோடு சாலக்குடிக் காட்டிற் சூரலாமையை அவர் மீண்டுங் கண்டார். கண்டதோடு அமையாமல், காட்டிலுள்ள ஒரு குகையையே வீடாக்கி மாதக்கணக்கிற் றங்கி, அதன் நடத்தைகளை எழுதினார். 1983 இல் அவரும் வேறிரு அறிஞரும் சேர்ந்து இம்மீள்கண்டுபிடிப்பை வெளியிட்டனர்.

எழுபது ஆண்டு எவ்வாறு ஓர் உயிர் மறைந்திருக்கும் என வாசகர் வினவலாம். ஆமை ஓடாது, பறவாது, கூவாது. யானையைப் போல மரங்களை முறித்துச் சுவடு விடுவதுமில்லை. கோடையில் வேரிடுக்குகளிலும் பாறை வெடிப்புகளிலும் விழுந்த மரங்களின் அடியிலும் ஒடுங்கிவிடும். மழை பெய்யத் தொடங்கியபின் நடமாடும்; அப்பொழுதோ மனிதன் மலைமேல் ஏறுதற்கு அட்டையும் வழுக்கலும் தடை. சருகின் நிறத்தில் ஓர் ஓடு, சருகுக்குள்ளே அசையாது கிடந்தால், காலடியிற் கிடந்தாலும் காணமாட்டோம். ஆகவே ‘காணப்படவில்லை’ என்பது ஒன்று, ‘இல்லை’ என்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதே ஆமைக் கணக்கெடுப்பின் சாரம்.

கல்லூரிக் கணிதமே இதற்குப் போதும். ஆமை வாழும் ஒரு காட்டுத்துண்டுக்கு ஒருமுறை சென்றால் அதனைக் காணும் வாய்ப்புப் பத்துக்கு இரண்டு என்று கொள்வோம். காணாது திரும்பும் வாய்ப்புப் பத்துக்கு எட்டு, அஃதாவது 0.8. ஐந்து முறை சென்றும் காணாதிருக்கும் வாய்ப்பு, 0.8 ஐ ஐந்து தடவை பெருக்கி வருவது, ஏறத்தாழ 0.33. ஆமை அங்கேயே வாழ்ந்திருக்க, மூன்றில் ஒருவர் ஐந்து தடவை சென்றும் ‘இங்கே ஆமையில்லை’ என்று எழுதிவிடுவார். பத்து முறை சென்றாலும் அவ்வாய்ப்பு 0.11. இதனாலேயே இக்காலத்து ஆய்வாளர் ஓரிடத்துக்கு ஒருமுறை சென்று முடிவு கூறுவதில்லை. பல இடங்களைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் மீண்டும் மீண்டுஞ் சென்று, எத்தனை முறையிற் கண்டோம் எத்தனை முறையிற் காணவில்லை என்று குறித்து, காணும் வாய்ப்பையும் வாழும் வாய்ப்பையும் தனித்தனியே பிரித்துக் கணிக்கின்றனர். இதற்குரிய கணித முறை 2002 இல் வெளிவந்தபின் பல விலங்குகளுக்கும் வழங்குகின்றது.

தேடும் வழிகளும் பல. ஒரு நேர்கோட்டில் நடந்து இருபுறமும் பார்த்துச் செல்வது ஒன்று. இது மானுக்கும் மயிலுக்கும் பொருந்தும். சூரலாமைக்கு உதவுவது குறைவு. சதுரமாக நிலத்தை அளந்து கயிறு கட்டி, நால்வர் நாற்புறமிருந்தும் முழந்தாளிட்டுச் சருகை ஒவ்வொன்றாய்ப் புரட்டி நடுவை நோக்கி வருவது மற்றொன்று. இத்தனை பேர் இத்தனை மணிநேரம் தேடினர் என நேரத்தைக் கணக்கிட்டுத் தேடுவதும் உண்டு. எவ்வழியாயினும் தேடிய உழைப்பை எழுதாமற் கண்டதை மாத்திரம் எழுதுவது பயனற்றது. மூன்று ஆமை கண்டோம் என்றால், மூன்று மணியிலா முப்பது நாளிலா என்ற வினா உடனே எழும்.

கண்ட ஆமையை அளந்து, நிறுத்து, ஆணா பெண்ணா எனப் பார்த்து, அதற்கோர் அடையாளமிட்டு, எடுத்த இடத்திலேயே விடுகின்றனர். ஓட்டின் விளிம்பைச் சுற்றிலும் சிறு செதில்கள் உள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, வேண்டிய செதில்களின் ஓரத்தில் அரத்தால் மெல்ல ஒரு வெட்டிடுவர். கேகிள் என்னும் அமெரிக்கர் 1939 இற் பரப்பிய முறை இது. சலவைக்குப் போடும் துணியின் மூலையில் இடுங் குறியைப் போன்றதே; எந்த வீட்டு வேட்டி என்று அக்குறி சொல்வதுபோல, எந்த ஆமை என்று இவ்வெட்டுச் சொல்லும். ஆமையின் ஆயுள் நீண்டதாதலின், இன்று இட்ட குறியை இட்டவருடைய மாணாக்கர் ஒருவர் படிக்கவுங் கூடும்.

குறியிட்டதனாற் றொகையையும் மதிப்பிடலாம். முதல் முறை 20 ஆமைகளுக்குக் குறியிட்டு விட்டோமென்க. சில காலஞ் சென்று மீண்டும் தேடி 15 ஐப் பிடிக்கின்றோம். அவற்றுள் 3 குறியுடையன. பதினைந்தில் மூன்று, அஃதாவது ஐந்தில் ஒன்று குறியுடையதாயின், குறியிட்ட 20 மொத்தத் தொகையில் ஐந்திலொரு பங்காதல் வேண்டும். ஆகவே தொகை 100. டென்மார்க்கின் பீட்டர்சன் மீன்களிடத்தும் அமெரிக்காவின் லிங்கன் வாத்துக்களிடத்தும் கையாண்ட கணக்கு இது. எளிதாய்த் தோன்றினும் இதனுள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கின்றது: எல்லா ஆமைகளும் ஒரேயளவு எளிதாகப் பிடிபடும் என்பதே அது. மழை நாளில் வெளிவரும் ஆமையும் பாறைக்கடியில் உறங்கும் ஆமையும் அவ்வாறு ஒத்தனவல்ல. நல்ல ஆய்வாளர் 100 என்று எழுதிவிட்டு அமையார். எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் இடையிலிருக்கலாம் என்பதையும் எழுதுவார்.

ஒளிந்திருக்கும் ஆமையைத் தொடர்வதற்கு வானொலிக் கருவி துணைசெய்கின்றது. ஆமையின் உடலெடைக்குச் சுமையாகாத சிறு கருவியொன்றை ஓட்டின்மேற் பசையால் ஒட்டிவிட்டு, கையில் ஓர் அன்ரெனாவைப் பிடித்து அதன் ஒலியைப் பின்பற்றிச் செல்வர். இந்திய வனவுயிர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஆனைமலையில் திருவிதாங்கூர் ஆமைகளை இம்முறையில் தொடர்ந்து, அவை எந்தப் புற்றரையில் மேய்கின்றன, எவ்விடத்தில் ஒதுங்குகின்றன என்பனவற்றை நுணுக்கமாகப் பதிந்தனர். காடு முழுவதும் பச்சையாயிருந்தால் ஆமைக்குப் போதும் என்று நாம் எண்ணுகிறோம். ஆமையோ அக்காட்டினுள்ளும் இடந்தெரிந்தே வாழ்கின்றது.

இவ்வளவு பாடுபட்டு எண்ணுவானேன் என்று கேட்பாருமுளர். ஆமையின் வாழ்க்கைக் கணக்கு ஏனைய பிராணிகளின் கணக்கைப் போன்றதன்று. சூரலாமை ஒரு பொழுதில் இடும் முட்டை இரண்டொன்றே. திருவிதாங்கூர் ஆமையும் ஒருசில முட்டைகளே இடுவது. முட்டைகளிலும் குஞ்சுகளிலும் பெரும்பகுதி உடும்புக்கும் பன்றிக்கும் இரையாகும். இவ்விழப்பை ஈடுசெய்வது, வளர்ந்த பெண்ணாமை பல ஆண்டுகள் உயிரோடிருந்து திரும்பத் திரும்ப முட்டையிடுவதேயாகும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திற் பிளான்டிங் ஆமை என்னும் ஓரினத்தைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தோர் 1993 இல் முடிவுகளை வெளியிட்டனர். அவ்வாமை முதன்முட்டை இடுதற்கே 14 ஆண்டுகளேனும் வேண்டும். வளர்ந்தவற்றுள் ஆண்டுதோறும் சிலவற்றை மேலதிகமாக இழந்தாலும் அக்கூட்டம் தேயத் தொடங்குமென அவர்கள் காட்டினர். குஞ்சுகளைப் பொரிப்பித்து விடுவதால் மாத்திரம் இவ்விழப்பு ஈடாகாது. பத்திரிகைகளிற் படத்தோடு வருவது குஞ்சு விடும் விழாவே. ஆமையைக் காப்பது ஆண்டு முழுவதும் கிழட்டுப் பெண்ணாமை ஒன்று சாகாமற் பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்குப் படமில்லை.

வளர்ந்த ஆமை சாகும் வழிகளோ பலவாயின. உலர்ந்த காடுகளில் இடும் நெருப்பிலிருந்து ஓட ஆமையால் இயலாது. மலைப்பாதைகளில் மோட்டார் வண்டிகள் நசுக்குகின்றன. தேயிலையும் காப்பியும் காட்டைத் துண்டுதுண்டாக்கியதால், ஒரு துண்டிலுள்ள ஆமை மற்றொன்றுக்குச் செல்வது அரிதாயிற்று. அணைகளின் நீர்த்தேக்கங்கள் ஆற்றோரக் காடுகளை மூழ்கடித்தன. சூரலாமை மீண்டும் காணப்பட்ட அதே சாலக்குடி ஆற்றில், அதிரப்பள்ளி என்னுமிடத்தில் 163 மெகாவாற்று மின்திட்டம் ஒன்று பல்லாண்டு காலமாய் வாதுக்குரியதாயிருந்தது. மாதவ் காட்கில் தலைமையிலான நிபுணர் குழு 2011 இல் அதற்கு அனுமதி வழங்கலாகாது என்றது. இத்தகைய வேளையிலேதான் மேலே நாம் இட்ட கணக்கு வெறும் கணக்காயிராது போகின்றது. ஐந்து நாள் நடந்து ‘காணப்படவில்லை’ என்று ஒருவர் எழுதும் வரி, அணை கட்டுவோர் கையில் ‘இல்லை’ என்று ஆகிவிடும். நீர் நிரம்பியபின் மீண்டுஞ் சென்று தேடவும் இயலாது.

இனி வேட்டை. இதனைப் பேசுவதிலே நாம் சற்று நின்று நிதானிக்க வேண்டும். மலைவாழ் மக்கள் ஆமையிறைச்சியை உண்டு வந்தனர் என்பது உண்மை. 1972 ஆம் ஆண்டின் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிர் வேட்டையைக் குற்றமாக்கிற்று. ஆயின் எழுபதாண்டு மறைந்த ஆமையை விஜயாவுக்குக் காட்டியவர்களும் அம்மக்களே. அவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் அதிகாரி ஒருவர் காலையில் வந்து போனால், மாலையில் வரும் ஆய்வாளருக்கு ஆமையின் இருப்பிடத்தை யார் சொல்வார்? எத்தனை உண்டீர் என்ற கேள்விக்கு உண்மை வராது. உண்மை வராத கணக்கெடுப்பு எண்ணற்றது. இதிற் சட்டத்தைக் கைவிடுக என்று நாம் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தின் அடுப்புக்குப் போன ஆமையையும் நகரத்து வியாபாரிக்குப் போன மூட்டையையும் ஒரே தராசில் நிறுப்பது தவறென்பதே எமது எண்ணம். வாழச்சால் பகுதிக் காடர் குடியிருப்புகள் 2014 இற் சமூக வனவுரிமை பெற்றுள்ளன. காட்டின்மேல் உரிமையுடையவன் காட்டின் கணக்கையும் வைத்துக்கொள்வான் என்று எதிர்பார்ப்பது தவறாகாது.

வியாபாரியின் பேச்சு வந்தமையால் இன்னொன்றுஞ் சொல்லவேண்டும். அரிய ஆமைகளைக் கூண்டிலிட்டு வளர்ப்போர் உலகெங்கும் உளர். அவர்க்கு விற்போர் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் படிக்கின்றனர். எமது நாட்டிலும் வாழும் நட்சத்திர ஆமை இவ்வியாபாரத்தினாலே சூறையாடப்பட்டு, 2019 இல் சர்வதேச வியாபாரம் முற்றாகத் தடைசெய்யப்படும் பட்டியலுக்கு ஏற்றப்பட்டது. ஆகவே ஆய்வாளர் பலர் ஆமை கண்ட இடத்தைத் திட்டமாக அச்சிடுவதில்லை. மலையின் பெயரை எழுதி, ஓடையின் பெயரை விடுகின்றனர். முழு விவரம் பூட்டிய ஏட்டில் இருக்கும். எம் ஆய்வுகூடத்து அட்டை அறியாமையால் வெறுமையாயிருந்தது. இவர்களுடைய கட்டுரை அறிவினால் வெறுமையாயிருக்கின்றது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

இன்று சூரலாமை கேரளம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் பலவிடங்களில் உளதென்பது தெரிந்திருக்கின்றது. காவளையையும் சாலக்குடியையும் தவிர வேறெங்கும் இராதென்று கருதப்பட்ட உயிர், தேடத் தேட மேலும் தென்பட்டது. ஆயினும் பலவிடங்களில் இருப்பதால் மிகுதியாயிருக்கின்றதென்று ஆகாது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அருகிவரும் இனமாகவும், திருவிதாங்கூர் ஆமையை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகவும் வகைப்படுத்தியுள்ளது.

விஜயா 1987 இலே, இளவயதிலேயே இறந்தார். 2006 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் சூரலாமையின் மரபணுவை ஆராய்ந்து, அது வேறெந்தப் பேரினத்திலும் அடங்காதென்று கண்டு, அதற்குப் புதிய பேரினம் ஒன்றை வகுத்தனர். விஜயாகெலிஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். கெலிஸ் என்பது கிரேக்க மொழியில் ஆமை. அன்னார் தேதியிட்டு, அளவிட்டு எழுதி வைத்திருந்த குறிப்புகள், சென்னை முதலைப் பண்ணையைச் சேர்ந்த நிகில் விற்றேக்கரின் முயற்சியால், இருவர் பெயரும் தாங்கி 2009 இல் அச்சேறின. அவர் மறைந்து 22 ஆண்டுகளின் பின்.